ஃபைல் சிறுசு, படம் பெருசு

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் நோயையும் மருந்தையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். "சிஸ்டம் ஹேங் ஆகுது தம்பி, ரேம் கூட்டிப் போட்டுரு." ரேம் விற்றால் எனக்கும் நாலு காசு கிடைக்கும். ஆனால் ஏன் ஹேங் ஆகிறது என்று பார்க்காமல் விற்ற ரேம், பத்து நாளில் சண்டையாகக் கடைக்கே திரும்பி வரும். அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: "என்ன பண்ணும்போது ஹேங் ஆகுதுண்ணே?"

பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர், வாட்ஸ்அப் வெப்பில் வந்த டிசைனைத் திறக்கும்போது என்பார். சின்னாளப்பட்டியிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கிறவர், எங்க வெப்சைட்டைத் திறந்தாலே என்பார். நத்தம் ரோட்டில் மனை போட்டு விற்கிறவர், லேஅவுட் படத்தைப் பெருசாக்கினா என்பார். பழைய புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களை நாலைந்து டேபில் திறந்து வைத்துப் படிக்கிற வாத்தியார் ஒருவரும் வருவார். நாலு பேருக்கும் கோளாறு ஒரே இடத்தில்தான். பிரவுசர் ஒரு பெரிய படத்தைத் திறந்திருக்கிறது, மெமரி போதவில்லை.

படத்துக்கு இரண்டு எடை உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு. ஒன்று, டிஸ்கில் ஃபைலாகக் கிடக்கும்போது உள்ள எடை. மற்றது, திரையில் காட்டுவதற்காக ரேமுக்குள் வந்தபின் உள்ள எடை. ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி எல்லாமே சுருக்கி வைக்கிற முறைகள். காட்ட வேண்டிய நேரம் வந்ததும் பிரவுசர் சுருக்கத்தை அவிழ்த்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவு என்று நாலு பைட் ஒதுக்கும். அகலத்தை உயரத்தால் பெருக்கி, அதை நாலால் பெருக்கினால் ரேமில் அது பிடிக்கும் இடம் வந்துவிடும். ஃபைல் எத்தனை கேபி, எத்தனை எம்பி என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது. சின்னாளப்பட்டிக்காரருக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான்: மடித்து வைத்தால் பட்டுச் சேலைக்கும் மெல்லிய சுங்குடிக்கும் கனம் வேறு வேறு, மேசையில் விரித்துக் காட்டச் சொன்னால் இரண்டுக்கும் அதே ஐந்தரை மீட்டர் மேசைதான் வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் சூடு தெரியும். இன்றைக்கு நடுத்தர விலை போனிலேயே 108 மெகாபிக்சல் கேமரா வருகிறது. முழு அளவில் எடுத்தால் படம் 12000-க்கு 9000. ரேமில் அது 412 எம்பி. அதைக் காட்டப்போகும் சாதாரண மானிட்டரோ 1920-க்கு 1080. அந்தத் திரை முழுவதையும் நிரப்பினாலும் 8 எம்பிக்குக் கொஞ்சம் குறைவுதான். ஐம்பது மடங்கு பிக்சல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு மடங்கை மட்டும் கண்ணுக்குக் காட்டுகிறோம்.

ஃப்ளெக்ஸில் இது இன்னும் மோசம். பத்துக்கு எட்டு அடி பேனரை 72 டிபிஐயில் போட்டால் 8640-க்கு 6912 பிக்சல், ரேமில் 228 எம்பி. 'தெளிவா இருக்கட்டுமே' என்று அதே பேனரை 150-க்கு ஏற்றினால் 18000-க்கு 14400 ஆகி, 989 எம்பியைத் தொடும். டிபிஐ இரண்டு மடங்கானால் மெமரி நாலு மடங்காகிவிடுகிறது. காதணி விழா பேனரைச் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற மாமன்மாருக்கு 72-க்கும் 150-க்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அது கிடக்கட்டும், பிரிண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பது அச்சுக்காரர் பாடு. வாடிக்கையாளர் 'ஓகே' சொல்வதற்காக அனுப்புகிற மாதிரிப் படத்தையும் அதே முழு அளவில் அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். எழுத்துப் பிழை பார்க்க 1600 பிக்சல் அகலம் தாராளம்.

மனை விற்கிற அண்ணனின் சிஸ்டம் இருக்கிறதே, அதுதான் இந்தப் பாடத்தை முழுசாகச் சொல்லிக்கொடுக்கும். 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பழைய ஹார்டு டிஸ்க். லேஅவுட் வரைபடத்தைக் குரோமில் இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்றது. பெருசாக்கக் கிளிக் செய்ததும் மவுஸ் அம்பு உறைந்துபோனது; கேபினட்டில் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. கடைசியில் அந்த டேப் மட்டும் செத்து விழுந்தது.

"ஃபைல் ஒன்றரை எம்பிதான் தம்பி. அதுக்கே தாங்கலைன்னா சிஸ்டம் போச்சுன்னுதானே அர்த்தம்?"

நியாயமான கேள்வி. ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அகலம் 13244, உயரம் 18724, பிட் டெப்த் 1. ஏ0 தாளை 400 டிபிஐயில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பிட் டெப்த் 1 என்றால் ஒரு பிக்சல் கறுப்பா வெள்ளையா என்று ஒரே ஒரு பிட்டில் சொல்லிவிடலாம். மனை வரைபடத்தில் பெரும்பகுதி வெற்று வெள்ளை. நடுவில் சில கோடுகள், எண்கள். பிஎன்ஜிக்கு இப்படிப்பட்ட படம் என்றால் அல்வா மாதிரி. அமுக்கி அமுக்கி ஒன்றரை எம்பியில் அடக்கிவிட்டது. குரோமும் ஃபயர்பாக்ஸும் அவிழ்க்கும்போது 'இது கறுப்பு வெள்ளைதானே' என்று சலுகை காட்டுவதில்லை. ஒரு பிட் இருந்த இடத்தில் 32 பிட் வைக்கும். கால்குலேட்டரில் தட்டினால் 946 எம்பி. விண்டோஸும் பிரவுசரும் மற்ற டேப்களும் ஏற்கெனவே மூன்று ஜிபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சிஸ்டத்தில் இன்னொரு ஜிபி. இடம் இல்லாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதை ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைக்கவும் எடுக்கவும் ஆரம்பித்தது. அணையாத விளக்கின் கதை அதுதான்.

"அப்ப அந்தக் கல்யாண ஆல்பம் போட்டோ எட்டு எம்பி, அது டக்குனு திறக்குதே?" என்றார்.

அது 4000-க்கு 3000 படம். ஃபைலில் ஐந்து மடங்கு பெரியது, ரேமில் இருபதில் ஒரு பங்கு. அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டீ சொல்லிவிட்டார்.

அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்பதுதான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வழக்கம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் குரோம் என்று மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. குரோம் 2008-ல் பிறந்தபோதே வேலைகளைத் தனித்தனி ப்ராசஸாகப் பிரித்துக்கொண்டு பிறந்தது. ஃபயர்பாக்ஸ் 2016-ல் அந்த வழிக்கு வந்தது. அதனால் பிரவுசருக்குள்ளேயே உள்ள டாஸ்க் மேனேஜரைப் பார்க்க வேண்டும். ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு எஸ்கேப் தட்டினால் இரண்டிலும் பட்டியல் வரும். எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று அங்கே பெயரோடு தெரியும். படத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை, திறந்தபின் ஒரு தடவை, பெருசாக்கியபின் ஒரு தடவை குறித்துக்கொள்வேன். பல சமயம் திறந்தவுடன் பெரிதாக ஒன்றும் ஏறாது. ஜன்னலுக்குள் அடங்கும்படி சுருக்கிக் காட்டும்போது ஃபயர்பாக்ஸ் சிறிய அளவிலேயே அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். பூதக்கண்ணாடியைக் கிளிக் செய்த நொடியில்தான் எண் எகிறும்.

அதே பட்டியலில் 'ஜிபியு ப்ராசஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதையும் கவனிக்க வேண்டும். படத்தைத் திரைக்குக் கொடுக்கும் வழியில் கிராபிக்ஸ் பக்கமும் ஒரு நகல் போகும். தனி கார்டு இருந்தால் அது கார்டின் மெமரியில் உட்காரும். நம் ஊர் ஆபீஸ்களில் இருப்பதெல்லாம் மதர்போர்டோடு வருகிற கிராபிக்ஸ். அதற்குத் தனியாகச் சொத்து எதுவும் கிடையாது, அதே ரேமில்தான் பங்கு கேட்கும். சந்தேகம் வந்தால் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்து, பிரவுசரை மூடித் திறந்து, மறுபடி அளந்து பார்ப்பேன். எண் வெகுவாக இறங்கினால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். இறங்காவிட்டால் திரும்பப் போட்டுவிடுவேன். அணைத்தே வைத்துவிட்டால் வீடியோ பார்க்கும்போது ப்ராசசர் திணறும்.

ஃபயர்பாக்ஸில் இன்னும் ஆழமாகப் போக ஒரு வாசல் இருக்கிறது. முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, மெமரி என்று ஆங்கிலத்தில் தட்டி, 'மெஷர்' பொத்தானை அழுத்தினால் கிளை கிளையாக ஒரு கணக்கு விரியும். இமேஜஸ் என்ற கிளைக்குக் கீழே எந்தப் படம், எத்தனைக்கு எத்தனை பிக்சல், எவ்வளவு மெமரி என்று பெரிய படங்கள் பெயரோடு நிற்கும். இதை முதலில் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். குற்றவாளி தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் அது. 2011-ல் மொசில்லாவில் நிக்கோலஸ் நெதர்கோட் 'மெம்ஷ்ரிங்க்' என்ற பெயரில் ஃபயர்பாக்ஸின் மெமரிப் பசியைக் குறைக்கும் வேலையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒரு பக்கத்தில் நூறு படம் இருந்தால், கீழே கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் படங்களையும் பிரவுசர் அவிழ்த்து வைத்துக்கொள்ளும். 2013 டிசம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 26 முதல் கண்ணில் படுவதை மட்டும் அவிழ்ப்பது என்றானது. அதற்கு முந்தைய ஃபயர்பாக்ஸில் படங்கள் நிறைந்த பக்கத்தைத் திறந்து அவதிப்பட்டவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

மெமரி அதிகம் பிடிப்பதும் மெமரி ஒழுகுவதும் வேறு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ரேம் வாங்கியவர்கள் பலர். பெரிய படத்தைத் திறந்தால் மெமரி ஏறத்தான் செய்யும், அதில் குற்றமில்லை. டேப்பை மூடி ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் பொறுத்தால் இறங்க வேண்டும். திற, அள, மூடு, பொறு, அள. இதையே மூன்று நான்கு முறை செய்து பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணுக்கே வந்து நின்றால் ஒழுகல் இல்லை, பசி மட்டும்தான். மூடியபின் நிற்கிற எண் ஒவ்வொரு சுற்றிலும் படி ஏறிக்கொண்டே போனால்தான் ஒழுகல். அப்போது முதலில் எக்ஸ்டென்ஷன்களைச் சந்தேகப்படுவேன். ஃபயர்பாக்ஸின் ட்ரபிள்ஷூட் மோடிலோ குரோமின் கெஸ்ட் ஜன்னலிலோ அதே சுற்றை ஓட்டினால், எக்ஸ்டென்ஷன் இல்லாத நிலையில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும்.

சில நேரம் தவறு அந்த வெப்சைட்டை எழுதியவரிடம் இருக்கும். கப்பிலும் போட்டோ பிரேமிலும் படம் அச்சடித்துத் தருகிற கடை ஒன்றுக்குச் செய்திருந்த பக்கத்தில், வாடிக்கையாளர் படம் ஏற்றியதும் முன்னோட்டம் காட்டும். அதற்காகப் படம் முழுவதையும் பேஸ்64 எழுத்துச் சரமாக மாற்றி, ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போயிருந்தார்கள். பேஸ்64 ஆனாலே அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். பட்டியலை யாரும் காலி செய்யவும் இல்லை. அந்தக் கடையில் டேப்பைக் காலையில் திறந்தால் ராத்திரி ஷட்டர் இறக்கும்போதுதான் மூடுவார்கள். சாயங்காலம் ஆனால் சிஸ்டம் நகராது. இந்த மாதிரி விஷயத்தில் மெமரிக் கணக்கு இமேஜஸ் கிளையில் ஏறாது, ஜாவாஸ்கிரிப்ட் சரங்களுக்குக் கீழே ஏறும். கிளையைப் பார்த்தவுடனேயே கூப்பிட வேண்டியது டெவலப்பரை என்று புரிந்துவிடுகிறது.

பழைய 32 பிட் சிஸ்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் நாலைந்து உயிரோடு இருக்கின்றன. 32 பிட் விண்டோஸில் ஒரு ப்ராசஸுக்கு வழக்கமாகக் கிடைப்பது 2 ஜிபி முகவரி இடம். அதில் துண்டு துண்டாக ஒரு ஜிபி காலியாக இருந்தாலும் 400 எம்பி படத்துக்குத் தொடர்ச்சியாக 400 எம்பி வேண்டும். கிடைக்காவிட்டால் படம் வராது. இங்கே எத்தனை ரேம் போட்டும் புண்ணியமில்லை.

சின்னாளப்பட்டிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பக்கத்தில் நாற்பது சேலை. ஒவ்வொன்றும் போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம். பக்கம் மெதுவாக வருகிறது என்று யாரோ சொல்ல, படங்களையெல்லாம் ஒரு 'கம்ப்ரஸ்' தளத்தில் போட்டு நாலு எம்பியை நானூறு கேபியாக்கி வைத்திருந்தார். டேட்டா மிச்சம், பக்கமும் சீக்கிரம் வந்தது. ஆனாலும் கீழே தள்ளிக்கொண்டே போனால் சிஸ்டம் திணறியது. காரணம், தரத்தைக் குறைத்தாரே தவிர பிக்சலைக் குறைக்கவில்லை. ஒரு படம் 45 எம்பி சொச்சம். நாற்பதும் அவிழ்ந்தால் 1.8 ஜிபி. ஜேபெக்கை வெப்பியாக மாற்றினாலும் இதில் ஒரு பைட் குறையாது. நாங்கள் செய்தது, பட்டியல் பக்கத்துக்கு மட்டும் 600-க்கு 800 அளவில் தனி நகல் எடுத்தது. நாற்பதுக்கும் சேர்த்து 73 எம்பி. பார்டர் வேலையை நெருங்கிப் பார்க்க விரும்புகிறவர் தட்டினால் அந்த ஒரு சேலையின் பெரிய படம் மட்டும் திறக்கும். ரேம் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில் நல்ல லைட் ஸ்டாண்ட் ஒன்று வாங்கினார்; படமும் முன்பைவிட நன்றாக வருகிறது.

பெரிய படத்தைப் பெரிய படமாகவே காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், துண்டு போடுவதுதான் வழி. 2005-ல் வந்த கூகுள் மேப்ஸ் உலகத்தையே 256-க்கு 256 சதுரங்களாக வெட்டி வைத்தது. ஒரு சதுரம் ரேமில் கால் எம்பி. மானிட்டர் முழுவதையும் மூட ஐம்பது சொச்சம் சதுரம் போதும். பதின்மூன்று, பதினான்கு எம்பியில் காரியம் முடிந்தது. நகர்த்தினால் புதிய சதுரங்கள் வரும், பழையவை போகும். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் மியூசியம், ரெம்பிராண்ட் 1642-ல் வரைந்த 'நைட் வாட்ச்' ஓவியத்தை 717 கிகாபிக்சலில் படமெடுத்து 2022 ஜனவரியில் வெளியிட்டது. அகலம் 9,25,000 பிக்சல், உயரம் 7,75,000. முழுதாக அவிழ்த்தால் கிட்டத்தட்ட 2,670 ஜிபி. ஆனால் பேகம்பூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாதாரண போனில் அந்த ஓவியத்தின் வண்ண வெடிப்புகளைத் தடவிப் பார்க்கலாம். துண்டு போட்டிருப்பதால்தான். ஓப்பன்சீட்ராகன் என்ற இலவச மென்பொருளை வைத்து நாமும் இதைச் செய்யலாம்; பழைய வரைபடங்கள், ஓலைச்சுவடிகள், நாளிதழ் ஸ்கேன்கள் வைத்திருப்பவர்களிடம் நான் விடாமல் சொல்லிவருவது இதைத்தான்.

மனை அண்ணனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. "இந்த லேஅவுட்டை வரைஞ்சவங்க யாருண்ணே?" என்று கேட்டேன். வரைந்தவரிடம் ஆட்டோகேட் ஃபைல் இருந்தது. அதிலிருந்து நேராக பிடிஎஃப் எடுத்தால் அதில் இருப்பது கோடுகளும் எழுத்துகளும்தான்; பிக்சல்கள் இல்லை. பெருசாக்கினால் பார்க்கிற பகுதியை மட்டும் வரைந்துகொள்ளும், மனை எண்ணும் மங்காது. கம்ப்யூட்டரில் வரைந்ததைத் தாளில் அச்சடித்து, தாளை ஸ்கேன் செய்து, ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் திறக்க முடியவில்லை என்று ரேம் வாங்க வந்திருந்தோம். இந்தச் சுற்றுவழியைப் பல ஆபீஸ்களில் பார்க்கிறேன். சீல் போட்ட பிரதிக்கு ஸ்கேன் தேவைதான்; அது கோப்பில் இருக்கட்டும்.

ஆட்டோகேட் ஃபைல் கிடைக்காத பழைய லேஅவுட்டுகள் அவரிடம் இன்னும் இரண்டு மூன்று இருந்தன. இடம் பார்க்க வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி மனை எண் படிக்க முடியாமல் போகும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் முழு அளவில் போய், வெயிலில் வரப்பில் நிற்கிறவர் போன் அதைத் திறக்கத் திணறும். அந்த ஸ்கேன்களை 200 டிபிஐக்கு இறக்கி, தெரு வாரியாக ஆறு துண்டாக வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் நாற்பது எம்பியைத் தாண்டாது. துண்டுகளுக்குத் தெருப் பெயரையே ஃபைல் பெயராக வைத்துக்கொண்டார். கிழக்குத் தெருவில் மனை கேட்கிறவருக்குக் கிழக்குத் தெரு மட்டும் போகிறது. 4 ஜிபி ரேம் அப்படியேதான் இருக்கிறது. ஹார்டு டிஸ்கை மட்டும் எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். அது வேறு புகாருக்காக.